பக்கத்து ஃபிளாட்டில் இடிக்கிறார்கள்: தூசியை வாசலிலேயே நிறுத்தியது எப்படி

பெங்களூரு அபார்ட்மென்ட்களில் இந்தத் தூசி பெரும்பாலும் சுவர் வழியாக வருவதில்லை. மெயின் கதவின் அடி இடுக்குதான் முக்கிய வழி. நாம் போடும் கிச்சன் சிம்னியும் பாத்ரூம் எக்ஸாஸ்டும் வீட்டுக் காற்றை வெளியே தள்ள, அந்த இடத்தை நிரப்பக் காரிடார் காற்று தூசியோடு உள்ளே இழுக்கப்படுகிறது. ஆகவே டைல் வெட்டும் நேரத்தில் இரண்டையும் அணைத்துவிடுங்கள். கதவடியில் ரப்பர் பட்டை, சட்டத்தைச் சுற்றி ஃபோம் டேப், வாசலில் ஈரச் சாக்கு. சாக்கு காய்ந்தால் பயனில்லை.

பாத்ரூம் ஜன்னல் திறக்கும் டக்ட்டை, அதாவது குழாய்கள் ஓடும் செங்குத்து இடைவெளியை, மறக்க வேண்டாம்; அந்த வழியாகவும் தூசி வரலாம். ஸ்லைடிங் ஜன்னலுக்கு மாஸ்கிங் டேப் போதும், ஆனால் கீழ்ச் சட்டத்தின் நீர்த் துளைகளை அடைக்காதீர்கள். அடைத்தால் மழைத் தண்ணீர் உள்ளே வந்துவிடும்.

மேஸ்திரியிடம் முக்கியமாகக் கேட்க வேண்டியது: தண்ணீர் விட்டு வெட்டுங்கள். கிரானைட், டைல், கான்கிரீட் தூசியில் உள்ள சிலிகா நுரையீரலுக்குக் கெடுதல், வெட்டுபவருக்கே முதலில். இடிபாட்டு மூட்டைகளை இறக்குமுன் தண்ணீர் தெளிக்கச் சொல்லலாம். சுவரில் பூசிய புட்டியைத் தேய்க்கும் நாள்தான் மோசம். மாவு போன்ற அந்தத் தூசி வெகுநேரம் மிதக்கும்.

துடைப்பம் கூடாது, தூசி மறுபடி எழும்பும். சத்தம் நின்று சில மணி நேரம் கழித்து, ஃபேனை நிறுத்தி, மேலிருந்து கீழாக ஈரத் துணியால் துடையுங்கள். நுண்தூசியையும் பிடிக்கும் ஹெப்பா ஃபில்டர் இல்லாத வேக்கம் கிளீனர் நுண்தூசியை அறைக்கே திருப்பித் தரும். துடைக்கும்போது என்95 மாஸ்க் போடுங்கள். ஏசி ஃபில்டரை வாரம் ஒருமுறை கழுவுங்கள்.