மருத்துவக் கவனக்குறைவு வழக்குகளுக்கு உச்சவரம்பு: அமெரிக்க விவாதத்தை எடைபோடுவது எப்படி?

அமெரிக்காவில் மருத்துவக் கவனக்குறைவு வழக்குகளைச் சீர்திருத்த வேண்டும் என்று யாரேனும் சொன்னால், முதலில் கேட்க வேண்டியது எந்தச் சீர்திருத்தம் என்பதைத்தான். வழக்குத் தொடரும் காலக்கெடுவைக் குறைப்பது, வழக்கறிஞர் பெறும் பங்கைக் கட்டுப்படுத்துவது, வழக்கில் நியாயம் இருப்பதாக இன்னொரு மருத்துவர் சான்றளித்த பிறகே அதை நடத்த விடுவது, ஜூரி அளிக்கும் இழப்பீட்டுக்கு உச்சவரம்பு விதிப்பது என அந்த ஒரே பெயருக்குள் பல ஏற்பாடுகள் அடங்கியிருக்கின்றன. இவற்றில் அதிகச் சண்டை நடப்பது உச்சவரம்பைப் பற்றித்தான். கலிபோர்னியா, டெக்சாஸ் போன்ற மாநிலங்களில் இது வாக்குச்சீட்டிலேயே கேள்வியாக வந்திருப்பதால், அங்கே வாக்குரிமை பெற்ற தமிழர்களும் இதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்களாகவே இருந்திருக்கிறார்கள்.

உச்சவரம்பு எந்த இழப்பின்மீது விழுகிறது என்று பாருங்கள். இழந்த ஊதியம், இனி ஆகும் சிகிச்சைச் செலவு போன்ற கணக்கிடக்கூடிய இழப்புகளுக்கு, உச்சவரம்பு உள்ள மாநிலங்களில் பெரும்பாலானவை வரம்பு வைப்பதில்லை; வலி, ஊனம், பிள்ளையையோ துணையையோ பறிகொடுத்த துயரம் போன்ற, பணத்தில் அளக்க முடியாதவற்றுக்கு மட்டுமே வரம்பு வைக்கின்றன. (இந்தியானா, வர்ஜீனியா போன்றவை விதிவிலக்கு, அங்கே மொத்த இழப்பீட்டுக்கே எல்லை உண்டு.) கேட்பதற்கு இது நியாயமான பிரிவாகத் தோன்றினாலும், இதன் சுமை எல்லார்மீதும் ஒரே அளவில் விழுவதில்லை. நாற்பது வயதுப் பொறியாளர் தவறான அறுவைச் சிகிச்சையால் காலை இழந்தால், அவருடைய எதிர்கால ஊதியம் முழுவதும் கணக்கில் வரும். அதே தவறால் அதே காலை இழந்த, ஓய்வுபெற்ற மூதாட்டிக்கு அப்படி எதுவும் இல்லை. அவருக்குக் கிடைக்கக்கூடியதில் பெரும்பகுதி வலிக்கும் ஊனத்துக்குமான தொகைதான், அதுவோ வரம்புக்கு உட்பட்டது. அமெரிக்க வழக்கறிஞர்கள் இத்தகைய வழக்குகளில் முன்பணம் வாங்காமல், வென்றால் ஒரு பங்கு என்ற அடிப்படையில் உழைக்கிறார்கள். நிபுணர் சாட்சிகளுக்கான செலவையும் பெரும்பாலும் அவர்களே முதலில் போடுகிறார்கள். வரும்படி எல்லை தெரிந்துவிட்டால், செலவுக்குக் கட்டாது என்று அந்த மூதாட்டியின் வழக்கை யாரும் எடுக்காமலேயே போகலாம். ஆகவே உச்சவரம்பைத் தொகையைக் குறைக்கும் கருவியாக மட்டும் பார்க்காதீர்கள். சிலருக்கு அது நீதிமன்றத்தின் கதவையே சாத்திவிடுகிறது.

அடுத்து, வரம்பு எந்த ஆண்டில் வைக்கப்பட்டது, விலைவாசியோடு சேர்ந்து அது உயருகிறதா என்று பாருங்கள். கலிபோர்னியா 1975-இல், ஜெர்ரி பிரவுன் ஆளுநராக இருந்தபோது, 2,50,000 டாலர் என்று வரம்பு விதித்தது. பணவீக்கத்துக்கு ஏற்ப உயர்த்தும் விதி எதுவும் அந்தச் சட்டத்தில் இல்லை. 2022 வரை தொகை அப்படியே நின்றது. அதற்குள் விலைவாசி ஐந்து மடங்குக்கு மேல் ஏறிவிட்டது. சட்டத்தில் ஓர் எழுத்துக்கூட மாறாமல், நோயாளியின் உரிமை மட்டும் ஆண்டுதோறும் தேய்ந்துகொண்டே வந்தது என்றுதான் இதைச் சொல்ல வேண்டும். 2014-இல் வரம்பை உயர்த்தக் கோரிய 46-ஆம் முன்மொழிவை வாக்காளர்கள் பெரும்பான்மையில் நிராகரித்தார்கள். பிறகு 2022-இல் மருத்துவர் தரப்பும் வழக்கறிஞர் தரப்பும் பேசி முடித்த உடன்பாடு சட்டமானது: 2023 ஜனவரி 1 முதல் வரம்பு 3,50,000 டாலர், நோயாளி இறந்திருந்தால் 5,00,000 டாலர், பத்தாண்டுகளில் இவை படிப்படியாக 7,50,000 ஆகவும் 10 லட்சமாகவும் உயரும், அதன்பின் ஆண்டுக்கு 2 சதவீதம் கூடும். இருதரப்பும் ஏறத்தாழ ஐம்பதாண்டுச் சண்டைக்குப் பின் ஒத்துக்கொண்ட ஏற்பாடு என்பதால், மற்ற மாநிலங்களின் சட்டங்களை ஒப்பிட்டுப் பார்க்க இது நல்ல அளவுகோல்.

மூன்றாவதாக, சிகிச்சைச் செலவைப் பற்றிய வாதம். வழக்குக்கு அஞ்சி மருத்துவர்கள் தேவையற்ற ஸ்கேன்களையும் பரிசோதனைகளையும் எழுதுகிறார்கள், வழக்கைக் கட்டுப்படுத்தினால் நாட்டின் மருத்துவச் செலவே இறங்கிவிடும் என்பார்கள். அச்சம் உண்மைதான். எவ்வளவு இறங்கும் என்பதற்கு இரண்டு எண்கள் அடிக்கடி மேற்கோள் காட்டப்படுகின்றன; அவை வெவ்வேறு பொருளைக் குறிப்பவை என்பதை மறக்காதீர்கள். 2010-இல் வெளியான ஓர் ஆய்வு, இழப்பீடு, நிர்வாகச் செலவு, அச்சத்தால் செய்யப்படும் சிகிச்சை என அனைத்தையும் கூட்டி, இந்த அமைப்பு முழுவதற்கும் ஆகும் செலவு ஆண்டுக்கு ஏறத்தாழ 5,560 கோடி டாலர், அதாவது மொத்த மருத்துவச் செலவில் 2.4 சதவீதம் என்று மதிப்பிட்டது. அமெரிக்க நாடாளுமன்றத்தின் வரவுசெலவு அலுவலகமோ, வழக்கமாகப் பேசப்படும் சீர்திருத்தங்களைச் செய்தால் எவ்வளவு மிச்சமாகும் என்று 2009-இல் கணக்கிட்டு, சுமார் 0.5 சதவீதம் என்றது. முதல் எண்ணைக் காட்டி அத்தனையும் மிச்சமாகும் என்று பேசுவோர் உண்டு. எந்தச் சட்டமும் செலவு முழுவதையும் ஒழித்துவிடாது. அரை சதவீதம் அற்பம் என்று எதிர்த்தரப்பு கைகொட்டுவதும் சரியல்ல. 2009-இன் கணக்கில் அது ஆண்டுக்கு 1,100 கோடி டாலர். மேலும், ஒவ்வொரு பரிசோதனைக்கும் தனித்தனியாகக் கட்டணம் கிடைக்கும் முறையில், அது அச்சத்தால் எழுதப்பட்டதா வருமானத்துக்காக எழுதப்பட்டதா என்று பிரித்தறிவது எளிதல்ல.

டெக்சாஸைப் பற்றிய பேச்சை இதே கவனத்தோடு அணுகுங்கள். அங்கே 2003-இல் சட்டமும் அரசமைப்புத் திருத்தமும் சேர்ந்து, மருத்துவர்கள் தரப்புக்கு 2,50,000 டாலர் என்ற வரம்பைக் கொண்டுவந்தன. மருத்துவமனைகளையும் சேர்த்தால் உச்சம் 7,50,000 டாலர். வழக்குகளும், வழக்கு வந்தால் இழப்பீடு கொடுப்பதற்காக மருத்துவர்கள் எடுத்துவைக்கும் காப்பீட்டின் கட்டணமும் பெரிதும் குறைந்தன என்பது உண்மை. ஆனால் பெர்னார்ட் பிளாக், டேவிட் ஹைமன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் தரவுகளைப் பார்த்தபோது, முதியோருக்கான மெடிகேர் திட்டத்தின் செலவு அதனால் குறைந்ததற்கும், மருத்துவர் எண்ணிக்கை அதனால் பெருகியதற்கும் தக்க சான்று கிடைக்கவில்லை. காப்பீட்டுக் கட்டணங்கள் 1970-களின் நடுவிலும், 1980-களின் நடுவிலும், 2000-த்தின் தொடக்கத்திலும் நாடெங்கும் எகிறிப் பின் தணிந்தவை. ஆகவே சட்டத்துக்கு முன், சட்டத்துக்குப் பின் என்று ஒரே மாநிலத்தை மட்டும் காட்டும் வரைபடத்தை நம்பி முடிவெடுக்க வேண்டாம். வரம்பு இல்லாத மாநிலத்தோடு ஒப்பிட்டிருக்கிறார்களா என்று கேளுங்கள்.

பொய்வழக்குகள் குவிகின்றன என்ற குற்றச்சாட்டுக்கு, 2006-இல் வெளியான ஆய்வு ஒன்று தெளிவான விடை தருகிறது. முடிந்துபோன 1,452 கோரிக்கைகளைப் பரிசீலித்ததில், ஏறத்தாழ 37 சதவீதத்தில் மருத்துவரின் தவறு எதுவும் இல்லை. ஆனால் அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு இழப்பீடும் கிடைக்கவில்லை. இதைவிட என்னை அதிகம் உறுத்துவது, இழப்பீடாக வழங்கப்பட்ட ஒவ்வொரு டாலருக்கும் வழக்கறிஞர், நிபுணர், நீதிமன்றச் செலவுகளுக்காக 54 சென்ட் செலவானது என்ற கண்டுபிடிப்பு. இதற்கு நேர் எதிர்ப்புறத்தில் இன்னொரு உண்மை கிடக்கிறது. நியூயார்க் மருத்துவமனைகளின் 1984-ஆம் ஆண்டுப் பதிவேடுகள் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டவற்றை ஹார்வர்டு ஆய்வாளர்கள் அலசியபோது, கவனக்குறைவால் பாதிக்கப்பட்டவர்களில் நூற்றுக்கு இருவர்கூட இழப்பீடு கோரவில்லை என்று தெரிந்தது. எந்த மேடையில் யார் பேசினாலும், கோரிக்கையே எழுப்பாத அந்த மற்றவர்களுக்கு உங்கள் திட்டத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டுப்பாருங்கள். உச்சவரம்பை ஆதரிப்போரிடமும் எதிர்ப்போரிடமும் இதற்கு நல்ல விடை இல்லை என்பதே என் கருத்து.

விடை தேட முயன்ற ஏற்பாடுகளையும் ஒப்பீட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள். மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவமனை 2001 முதல், தவறு நேர்ந்தால் தானே நோயாளியிடம் சொல்லி, மன்னிப்புக் கேட்டு, இழப்பீடும் முன்வந்து தரும் முறையைக் கடைப்பிடித்தது. வழக்குகள் குறைந்தன, முடிவுக்கு ஆகும் காலமும் குறைந்தது. மருத்துவர்கள் அங்கேயே ஊழியர்களாகவும், காப்பீடும் நிறுவனத்தின் கையிலேயே இருப்பதாகவும் அமைந்த இடம் அது என்பதால், தனித்தனி மருத்துவர்கள் தனித்தனிக் காப்பீட்டோடு இயங்கும் சிறிய மருத்துவமனைக்கு அதே பலன் கிடைக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. வர்ஜீனியாவும் புளோரிடாவும் பிரசவத்தில் மூளைப் பாதிப்படைந்த குழந்தைகளுக்கு, யார் குற்றம் என்று பார்க்காமல் உதவும் நிதியங்களை 1980-களின் இறுதியில் தொடங்கின. நியூசிலாந்தில் 1974 முதல், யார் குற்றம் என்று பார்க்காமல் உதவுவதே நாடு முழுவதற்குமான முறை.

சட்ட முன்வரைவு கையில் கிடைத்தால், முன்னுரையைத் தாண்டிப் போய் வரம்பு விதிக்கும் பிரிவைப் படியுங்கள். பணவீக்க விதி இருக்கிறதா, மரணத்துக்குத் தனித்தொகை உண்டா, மருத்துவருக்கும் மருத்துவமனைக்கும் வரம்பு தனித்தனியா, எந்தத் தேதிக்குப் பிறகு தாக்கலாகும் வழக்குகளுக்கு அது பொருந்தும் என்று குறித்துக்கொள்ளுங்கள். மாநில உச்ச நீதிமன்றத்தின் நிலையையும் பாருங்கள்; ஜார்ஜியாவும் இலினாயும் 2010-இல், புளோரிடா 2017-இல் இத்தகைய வரம்புகளை அரசமைப்புக்கு முரணானவை என்று தள்ளிவிட்டன. உங்கள் வீட்டிலேயே ஒருவர் பாதிக்கப்பட்டிருந்தால், விவாதம் முடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே வழக்கறிஞரைப் பாருங்கள்: கலிபோர்னியாவில் பெரியவர்களுக்குப் பொதுவான காலக்கெடு, பாதிப்பு நேர்ந்ததிலிருந்து மூன்றாண்டு அல்லது அது தெரியவந்ததிலிருந்து ஓராண்டு, இவற்றில் எது முன்னதோ அது.