முராபஹாவில் சோலார்: கொட்டேஷனோடு நில்லுங்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் கடைக்கோ வீட்டுக்கோ முராபஹா என்ற இஸ்லாமிய வங்கி முறையில் சோலார் போடுவதாக இருந்தால், விற்பவரிடம் கொட்டேஷன் மட்டும் வாங்குங்கள். முன்பணம் கட்ட வேண்டாம், உங்கள் பெயரில் இன்வாய்ஸும் வேண்டாம்.

முராபஹாவில் வங்கிதான் பொருளை முதலில் வாங்கி, தன் லாபத்தைச் சொல்லி உங்களுக்குத் தவணையில் விற்கிறது. பொருள் ஏற்கெனவே உங்களுடையதாகிவிட்டால் வங்கிக்கு விற்க ஒன்றுமில்லை. அது தருவது வெறும் கடன், அதற்கு மேலே வாங்குவது ரிபா, அதாவது இஸ்லாம் தடுத்த வட்டி. விண்ணப்பம் திரும்பிவிடும், கட்டிய முன்பணம் கடைக்காரரிடம் மாட்டிக்கொள்ளும். தனக்காகப் பொருளை வாங்கும் முகவராக வங்கி உங்களையே நியமித்தாலும், அந்த நியமனத் தாளில் கையெழுத்தான பிறகுதான் ஆர்டர்.

கொட்டேஷனில் பேனல், இன்வெர்ட்டர், பேட்டரி ஒவ்வொன்றின் மாடலும் எண்ணிக்கையும், 15% வாட் வரியும், பொருத்தும் கூலியும் தனித்தனியாக இருக்கட்டும். எத்தனை நாள் செல்லும் என்பதையும் கேட்டு வாங்குங்கள். பெரும்பாலும் இறக்குமதிச் சரக்கு, தென்னாப்பிரிக்க நாணயமான ரேண்ட் சரிந்தால் விலை ஏறும், வங்கி ஒப்புதலோ மெதுவாகத்தான் வரும்.

ஏற்கெனவே பொருத்திய சோலாருக்கும், கூலிக்கு மட்டும் பணம் தேவைப்படுபவர்களுக்கும் இது உதவாது. சீக்கிரம் அடைத்தால் தள்ளுபடி கிடைக்கும் என்று கணக்குப் போடாதீர்கள்: முராபஹா முறையில் அது வங்கியின் விருப்பம்.