மாலத்தீவுக்கு முதல்முறை போகிறீர்களா? கிளம்பும் முன் செய்ய வேண்டியவை, படிப்படியாக

மாலத்தீவுக்குள் நுழைவது சுலபம். போய் இறங்கினால் விமான நிலையத்திலேயே இலவசமாக விசா கிடைத்துவிடும். அதனாலேயே பலர் வேறு எதையும் விசாரிக்காமல் கிளம்பிவிடுகிறார்கள். ஆனால் அது சுமார் 1,200 குட்டித் தீவுகள் வடக்கு தெற்காக 800 கிலோமீட்டருக்கு மேல் சிதறிக் கிடக்கும் நாடு. மாத்திரையை மறந்துவிட்டாலும் சரி, படகைத் தவறவிட்டாலும் சரி, அடுத்த உதவிக்கும் உங்களுக்கும் நடுவே கடல்தான் இருக்கும். ஆகவே முக்கியமான முடிவுகளை வீட்டில் இருக்கும்போதே எடுத்துவிடுங்கள்.

படி 1: எந்த வகைத் தீவு என்று முடிவு செய்யுங்கள்

விமானச் சீட்டுக்கு முன்னால் இதைத்தான் பார்க்க வேண்டும். ரிசார்ட் தீவு என்பது ஒரு தீவு முழுக்க ஒரே விடுதி. உள்ளூர் தீவு என்பது மாலத்தீவு மக்கள் வாழும் ஊர். பள்ளிக்கூடம், மசூதி, கடைகள் எல்லாம் இருக்கும், விருந்தினர் இல்லங்களும் இருக்கும். மாஃபுஷி அப்படிப்பட்ட ஒரு தீவு. நாடு ஒன்றுதான், ஆனால் இந்த இரண்டு இடங்களிலும் நடைமுறை வேறு வேறு.

ரிசார்ட்டில் மது கிடைக்கும், நீச்சல் உடையில் நடமாடலாம். உள்ளூர் தீவில் மது சட்டப்படி கிடையாது. நீச்சல் உடைக்கென்று தனிக் கடற்கரை ஒதுக்கியிருப்பார்கள். அதைத் தாண்டி வந்தால் தோளும் முழங்காலும் மறைகிற மாதிரி உடுத்த வேண்டும். இது பெயருக்குச் சொல்லும் விதி இல்லை. அங்கே குடும்பங்கள் வாழ்கின்றன, அவர்கள் வீட்டு வாசல் வழியாகத்தான் நீங்கள் கடற்கரைக்கு நடக்கிறீர்கள். ரமலான் மாதத்தில் போவதாக இருந்தால், பகலில் தெருவில் வைத்துச் சாப்பிடுவது, குடிப்பது, புகைப்பது வேண்டாம்.

செலவுக் கணக்கில் பசுமை வரியையும் சேருங்கள். 2025 ஜனவரியிலிருந்து ரிசார்ட்டுகளில் ஒருவருக்கு ஓர் இரவுக்கு 12 டாலர், 50 அறைக்கு மேற்படாத விருந்தினர் இல்லங்களில் 6 டாலர். முன்பதிவில் காட்டும் தொகையில் இது அடங்கியிருக்கிறதா என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

படி 2: கடவுச்சீட்டு, அப்புறம் இமுகா படிவம்

வருகை விசா 30 நாளுக்கு. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் சுற்றுலாவாக 90 நாள் வரை இருக்கலாம். இயந்திரம் படிக்கக்கூடிய கடவுச்சீட்டு, திரும்பும் பயணச்சீட்டு, தங்குமிடம் உறுதியான தாள், செலவுக்குப் போதிய பணம் ஆகியவற்றைக் கையில் வைத்திருங்கள். கடவுச்சீட்டு குறைந்தது ஒரு மாதம் செல்லுபடியாக வேண்டும் என்பது அங்குள்ள விதி. ஆனால் பல விமான நிறுவனங்கள் ஆறு மாதம் கேட்கும், ஏறவிடாமல் நிறுத்துவதும் அவர்கள்தான். ஆறு மாதத்துக்குக் குறைவாக இருந்தால் புதுப்பித்துவிட்டே போங்கள்.

விமானம் கிளம்புவதற்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் 'இமுகா' (IMUGA) என்ற பயணி அறிவிப்புப் படிவத்தை இணையத்தில் நிரப்ப வேண்டும். பயணம் செய்யும் ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் படிவம், குழந்தைக்கும் உண்டு. நிரப்பி முடித்ததும் வரும் கியூஆர் குறியீட்டைக் கைப்பேசியில் சேமித்துக்கொள்ளுங்கள். இதற்கு ஒரு பைசா கட்டணம் இல்லை. தேடுபொறியில் மேலே வரும் சில தளங்கள் அரசுத் தளம் போலவே இருக்கும், பணம் கேட்கும். முகவரி குடிவரவுத் துறையின் 'கவ் டாட் எம்வி' (gov.mv) என்று முடிகிறதா என்று பார்த்துவிட்டு நிரப்புங்கள். திரும்பி வரும்போதும் இன்னொரு முறை நிரப்ப வேண்டும். நிறையப் பேர் மறப்பது அதைத்தான்.

மஞ்சள் காய்ச்சல் பரவும் ஆப்பிரிக்க, தென் அமெரிக்க நாடுகளிலிருந்து வருகிறவர்களுக்குத் தடுப்பூசிச் சான்றிதழ் தேவை. ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் அந்தச் சான்றிதழ் செல்லும்.

படி 3: பெட்டியிலிருந்து எடுத்து வைக்க வேண்டியவை

மது வேண்டாம். வழியில் வரியில்லாக் கடையில் வாங்கிய புட்டியும் இதில் சேர்த்தி. சுங்கத்தில் எடுத்து வைத்துவிடுவார்கள். பன்றி இறைச்சி கலந்த உணவு வேண்டாம். மின் சிகரெட்டுக்கு 2024 டிசம்பரிலிருந்து முழுத் தடை. 2025 நவம்பர் 1 முதல், 2007 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்த யாரும் புகையிலை வாங்கவோ பயன்படுத்தவோ கூடாது. இது சுற்றுலாப் பயணிக்கும் பொருந்தும். கல்லூரி வயதுப் பிள்ளைகளோடு போகிறவர்கள் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

நம்மில் பலருக்குச் சொல்லியாக வேண்டிய ஒன்று: வழிபாட்டுச் சிலைகளைக் கொண்டுவர அங்கே தடை உண்டு. கைப்பையில் எப்போதும் இருக்கும் சின்னப் பிள்ளையாரை எடுத்து வீட்டுப் பூஜை அறையில் வைத்துவிட்டுக் கிளம்புங்கள். விமான நிலையத்தில் அதைப் பிறர் கையில் கொடுத்துவிட்டு மனவருத்தப்பட வேண்டியிருக்காது.

வலுவான வலிநிவாரணி, தூக்க மாத்திரை, மனநல மருந்து எதுவானாலும் மருத்துவர் சீட்டோடு, கடையில் கொடுத்த அட்டை பிரிக்காமல் கொண்டு போங்கள். போதைப்பொருள் சட்டம் மிகக் கடுமையானது.

படி 4: விமான நேரத்தைப் படகோடு பொருத்துங்கள்

வெலானா விமான நிலையம் ஹுல்ஹுலே என்ற தீவில் இருக்கிறது. அங்கிருந்து தலைநகர் மாலேக்கு 2018-இல் திறந்த பாலம் உண்டு, பக்கத்துத் தீவான ஹுல்ஹுமாலேவுக்கும் சாலை வழியே போகலாம். மற்ற இடங்களுக்குப் படகு அல்லது விமானம்தான். கடல் விமானம் பகல் வெளிச்சத்தில் மட்டுமே பறக்கும். மாலை மங்கி இறங்கினால் அன்றிரவு மாலேயிலோ ஹுல்ஹுமாலேயிலோ தங்கித்தான் மறுநாள் காலை போக முடியும். ரிசார்ட்டுக்குக் கட்டிய ஓர் இரவுக் காசு அப்படியே போய்விடும். ஆகவே முற்பகலில் இறங்கும் விமானமாகப் பாருங்கள். அரசுப் படகுகள் பல வழித்தடங்களில் வெள்ளிக்கிழமை ஓடாது.

மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. விரைவுப் படகில் பின்பக்கம் உட்காருங்கள், குலுக்கல் குறையும். கர்ப்பிணிகளும் முதுகுவலிக்காரர்களும் அந்த மாதங்களில் நீண்ட படகுப் பயணத்தைத் தவிர்ப்பது நல்லது. உயிர்காப்பு உடை கொடுத்தால் போடுங்கள், கொடுக்காவிட்டால் கேட்டு வாங்குங்கள்.

படி 5: உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்

மலேரியா இல்லாத நாடு என்று 2015-இல் உலகச் சுகாதார அமைப்பு சான்று தந்திருக்கிறது. டெங்கு உண்டு. அதைப் பரப்பும் கொசு பகலில்தான் கடிக்கும், அதனால் காலையிலேயே கொசு விரட்டி பூசுங்கள். காய்ச்சல் வந்தால் மருத்துவரைப் பாருங்கள், மாத்திரையில் பாராசிட்டமால் மட்டும் எடுங்கள்; டெங்குவாக இருந்தால் ஆஸ்பிரினும் இபுபுரோஃபெனும் ரத்தக்கசிவை அதிகமாக்கும். திரும்பி வந்து இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல் வந்தாலும் எங்கே போயிருந்தீர்கள் என்று மருத்துவரிடம் சொல்லுங்கள்.

நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்து வெயில் அது. தண்ணீரில் கவிழ்ந்து மீன் பார்க்கிறவர்களுக்கு முதுகும் முழங்காலின் பின்புறமும்தான் வெந்துபோகும். முழுக்கைச் சட்டையோடு இறங்குங்கள்.

பெரிய மருத்துவமனைகள் பெரும்பாலும் மாலேயில்தான்: அரசின் இந்திரா காந்தி நினைவு மருத்துவமனை, தனியார் ஏடிகே. தொலைவுத் தீவுகளில் சுகாதார நிலையம் இருக்கும், அவ்வளவுதான். அவசர நிலையில் கடல் வழியாகவோ வான் வழியாகவோ கொண்டுவரும் செலவையும், முக்குளிப்பு (ஸ்கூபா டைவிங்) விபத்தையும் ஏற்கும் காப்பீடு எடுத்தே ஆக வேண்டும். பணம் மிச்சம் பிடிக்க ஆயிரம் வழி இருக்கிறது, இதில் வேண்டாம்.

படி 6: கடலில் இறங்கும் முன்

என்னைக் கேட்டால், இந்தப் பயணத்தில் மிகவும் அஞ்ச வேண்டியது கடல் நீரோட்டத்தைத்தான். பவளத்திட்டுக்குள் இருக்கும் காயல் குளம் போல அமைதியாக இருக்கும், இடுப்பளவுதான் ஆழம். அதே திட்டில் கடல் உள்ளே வந்து போகும் வாய்க்கால்கள் உண்டு. கடல்மட்டம் ஏற இறங்க, அவற்றில் தண்ணீர் ஆறு மாதிரி பாயும். மேலே பார்த்தால் ஒன்றுமே தெரியாது. மீனைப் பார்த்துக்கொண்டே மிதந்துவிட்டு நிமிர்ந்தால் கரை தூரத்தில் இருக்கும்.

அதனால் ஒவ்வொரு நாளும் விடுதிக்காரரிடமோ படகுக்காரரிடமோ கேளுங்கள்: இன்றைக்கு நீரோட்டம் எந்தப் பக்கம்? எங்கே இறங்கி எங்கே ஏற வேண்டும்? கேட்டுவிட்டு இறங்குவது இரண்டு நிமிட வேலை. தனியாக இறங்காதீர்கள். நீச்சல் தெரியாதவர்கள் இடுப்பளவுத் தண்ணீரிலும் உயிர்காப்பு உடையோடு இருங்கள். இழுத்துப்போனால் எதிர்த்து நீந்திக் களைத்துவிடாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வாருங்கள். மூச்சு வாங்கினாலோ நெஞ்சு இறுகினாலோ உடனே மல்லாந்து மிதந்தபடி கையைத் தூக்கி உதவி கேளுங்கள். இதயநோய், ரத்த அழுத்தம் உள்ளவர்கள் கிளம்பும் முன்பே மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.

நச்சு முள் கொண்ட கல்மீன் பாறை போலவே கிடக்கும், மிதித்தால் உயிர் போகிற வலி. குத்தியதும் தாங்கக்கூடிய அளவு சூடான நீரில் காலை வையுங்கள், வலி தணிந்தாலும் மருத்துவரிடம் போங்கள். ரப்பர் காலணியோடு நடந்தால் இந்த ஆபத்து குறையும்.

முக்குளிப்பவர்களுக்கு அங்கே 30 மீட்டர்தான் எல்லை. கடைசி முக்குளிப்புக்கும் விமானத்துக்கும் இடையே 24 மணி நேரம் விடுங்கள். கடல் விமானத்துக்கும் இதே கணக்கைப் பின்பற்றுவதுதான் பாதுகாப்பு.

படி 7: கைப்பேசியில் சேமிக்க வேண்டிய எண்கள்

காவல் 119, ஆம்புலன்ஸ் 102, தீயணைப்பு 118, கடலோரக் காவல் 191. உங்கள் நாட்டுத் தூதரகத்தின் எண்ணையும் சேர்த்து வையுங்கள். உள்ளூர் நாணயம் ருஃபியா, டாலரும் பெரும்பாலும் வாங்கிக்கொள்வார்கள். மின்செருகி பிரிட்டன் பாணியில் மூன்று செவ்வக முனை.

திரும்பும்போது குழந்தைகளின் பையை ஒருமுறை கொட்டிப் பாருங்கள். பவளம், ஆமை ஓடு, கடற்கரை மணல், பொறுக்கிய சிப்பி எதையும் நாட்டை விட்டு எடுத்துப்போக அனுமதி இல்லை. இருந்தால் கடற்கரையிலேயே போட்டுவிட்டு, இமுகா படிவத்தை நிரப்பிவிட்டுப் படகேறுங்கள்.