பிடிபட்ட கப்பலின் கதையைத் தேடுவது எப்படி

அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென் மாநிலத் துறைமுகங்களை லிங்கனின் கடற்படை 1861-இல் அடைத்தது. அங்கிருந்து லிவர்பூலுக்குப் பருத்தி போவது குறைய, நம் கரிசல் பருத்திக்கு மவுசு வந்தது. லிவர்பூல் சந்தையில் அதற்கு 'டின்னிவெல்லி' என்றே பெயர். ஆக, அந்த முற்றுகையில் நின்ற கப்பலைத் தேடுவது திருநெல்வேலிக்காரருக்கு ஒன்றும் சம்பந்தமில்லாத வேலை இல்லை.

முதலில் ஒரே ஒரு கப்பலைப் பிடித்துக்கொள்ளுங்கள். முற்றுகை முழுவதையும் எழுத உட்கார்ந்தால் கரை சேர மாட்டீர்கள். நான் எடுத்தது 'மெம்பிஸ்', ஸ்காட்லாந்தின் டம்பார்டனில் கட்டிய நீராவிக் கப்பல்.

அடுத்து தேதிகள். கட்டியது, பிடிபட்டது, கடற்படை வாங்கியது, பணியில் சேர்ந்தது எல்லாம் தனித்தனி நாட்கள், இவற்றைக் குழப்பித்தான் பாதிப் பேர் தப்பாக எழுதுகிறார்கள். மெம்பிஸ் பருத்தியும் பிசினும் ஏற்றிக்கொண்டு முற்றுகையை மீறித் தெற்கிலிருந்து வெளியே வரும்போது 1862 ஜூலை 31-இல் மாட்டியது. பிடிபட்ட கப்பல்களை விசாரிக்கும் நியூயார்க் நீதிமன்றத்திடமிருந்து செப்டம்பரில் லிங்கனின் கடற்படையே அதை விலைக்கு வாங்கி, பீரங்கி ஏற்றி, அக்டோபரில் முற்றுகைக் காவலுக்குத் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் துறைமுகம் பக்கம் அனுப்பியது. போன சூட்டிலேயே 'வாஷிட்டா' என்ற இன்னொரு கப்பலைப் பிடித்தும்விட்டது!

பிடித்த கப்பல் எது என்பதையும் விடாமல் பாருங்கள். மெம்பிஸை மடக்கிய 'மக்னோலியா'வே சில மாதங்களுக்கு முன்னால் பிடிபட்ட கப்பல்தான். திருடனைப் பிடிக்கத் திருடனையே காவலுக்கு வைத்த கதை.

கேப்டன்களின் அறிக்கைகள் அச்சாகி இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. லாக் புத்தகங்கள், அதாவது கப்பலின் அன்றாடக் குறிப்பேடுகள், வாஷிங்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில். படிக்கும்போது சண்டையை மட்டும் பொறுக்காதீர்கள், ஏனென்றால் முற்றுகை என்றால் பெரும்பாலும் நங்கூரம் போட்டுக் காத்துக் கிடப்பதுதான், அப்புறம் நிலக்கரி தீர்ந்தால் கடற்படைத் தளமான போர்ட் ராயலுக்கு ஓடுவது. ஆனாலும் 1864 மார்ச் 6-ஐத் தவறவிட வேண்டாம்: வடக்கு எடிஸ்டோ ஆற்றில், தண்ணீரில் பாதி மூழ்கியபடி வந்த தென் தரப்பின் 'டேவிட்' என்ற சின்னப் படகு, கழி நுனியில் கட்டிய வெடியால் மெம்பிஸை இடித்தது. வெடி வெடிக்கவில்லை.

1869-இல் கப்பலை விற்றார்கள், பெயரும் 'மிஸிஸிப்பி' என்று மாறியது. அதற்குப் பிந்தைய கதைக்கு அந்தப் பெயரில்தான் தேட வேண்டும். மெம்பிஸ் என்றே தேடினால், 1916-இல் சாண்டோ டொமிங்கோவில் பேரலைகள் கரையில் தூக்கி அடித்த வேறொரு போர்க்கப்பல் வந்து நிற்கும்.