கிளப் மேல் கோபமா? முதலில் கணக்கைப் பாருங்கள்

இங்கிலாந்து கால்பந்து கிளப்பான மான்செஸ்டர் யுனைடெட்டின் ரசிகர்களுக்கு ஒவ்வொரு டிரான்ஸ்பர் விண்டோவும், அதாவது வீரர்களை வாங்கி விற்கிற பருவமும், வயிற்றெரிச்சல்தான். "ஏன் ஆள் எடுக்கவில்லை" என்று கத்துவதற்கு முன்னால் கிளப்பின் ஆண்டறிக்கையைத் திறங்கள். 2012 முதல் நியூயார்க் பங்குச் சந்தையில் இருப்பதால் யாரும் இலவசமாகப் படிக்கலாம். நேராகக் கடன், வட்டி பற்றிய பகுதிகளுக்குப் போங்கள். 2005-ல் கிளேசர் குடும்பம் கடன் வாங்கிக் கிளப்பை வாங்கி, அந்தக் கடனில் பெரும்பகுதியைக் கிளப்பின் தலையிலேயே கட்டியது, அதுவரை கடனே இல்லாத கிளப் அது, அன்றிலிருந்து ரசிகன் டிக்கெட்டுக்குக் கொடுக்கிற காசும் வட்டிக்குப் போகிறது. எனக்கு இன்றும் ஆறாத விஷயம் இதுதான்.

அப்புறம் வீரர் விலை. ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் 5 கோடி பவுண்டுக்கு ஒருவரை எடுத்தால் கணக்கில் ஆண்டுக்கு 1 கோடிதான் செலவாக ஏறும். ஆனால் கிளப்பிலேயே வளர்ந்த பையனுக்கு வாங்கிய விலை என்று எதுவும் இல்லாததால், அவனை விற்றால் வருகிற தொகை கிட்டத்தட்ட முழுசாக அந்த ஆண்டே லாபம். அகாடமிப் பையன்களை ஏன் விற்கத் துடிக்கிறார்கள் என்று இப்போது புரியும். மற்ற கிளப்புகளுக்குத் தவணையில் கொடுக்க வேண்டிய பாக்கியும் அதே அறிக்கையில் இருக்கும், விடாதீர்கள்.

சரி, எதிர்ப்பைக் காட்ட வேண்டுமா? 2010-ல் ரசிகர்கள் செய்ததுபோல் பச்சை, தங்க நிற ஸ்கார்ஃப் போடுங்கள், கிளப்புக்கு நியூட்டன் ஹீத் என்று பெயர் இருந்த காலத்து நிறம் அது. கடனைப் பற்றிய கேள்வியை உரிமையாளரிடமே கேளுங்கள், புதிதாக வந்த வீரரிடம் அல்ல.