வீட்டுப் பூனைக்குத் தெள்ளுப்பூச்சி வந்தால்: புதிதாகப் பூனை வளர்ப்போருக்கான செய்முறை

என் பூனையின் கழுத்தில் சொட்டு மருந்து விட்டுப் பதினேழு நாள் கழிந்தபின், அது வழக்கமாகப் படுக்கும் மெத்தை விளிம்பில் இரண்டு தெள்ளுப்பூச்சிகள் துள்ளுவதைக் கண்டேன். மருந்து போலி என்று அங்கேயே முடிவுகட்டி, வேறு மருந்தைத் தேடத் தொடங்கினேன். மருந்தில் எந்தக் குறையும் இல்லை என்பதும், தெள்ளுப்பூச்சி எப்படிப் பிறந்து வளர்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் அதை ஒழிக்கப் புறப்பட்டதுதான் குறை என்பதும் பிறகுதான் விளங்கின. பூனையும் வீடும் சேர்ந்த இந்த வேலைக்குக் குறைந்தது மூன்று மாதம் ஒதுக்க வேண்டும். பாதியில் கைவிடுகிறவர்கள் பெரும்பாலும் அந்த மூன்றாவது வாரத்தில்தான் கைவிடுகிறார்கள்.

முதலில் எதிரியைத் தெரிந்துகொள்ளுங்கள்

பூனையின் மேல் நாம் காண்பது பெரும்பாலும் டெனோசெபாலிடெஸ் ஃபெலிஸ் என்னும் இனம். பூனைத் தெள்ளு என்று பெயர் பெற்றிருந்தாலும் நாயின் மேலும் அதிகம் காணப்படுவது இதுதான். வளர்ந்த பூச்சி 1 முதல் 3 மில்லிமீட்டர் நீளம் இருக்கும். செம்பழுப்பு நிறம், இறக்கை கிடையாது, உடல் இரு பக்கமும் அமுக்கியது போல் தட்டையாக இருப்பதால் மயிர்களுக்கிடையே வழுக்கிக்கொண்டு ஓடும். உண்ணி தோலில் கவ்விக்கொண்டு அசையாமல் இருக்கும். தெள்ளு அப்படி இருப்பதில்லை.

வளர்ந்த பூச்சி பூனையின் மேலேயே தங்கி இரத்தம் குடித்து வாழ்கிறது. பெண் பூச்சி முதல் இரத்தம் குடித்த ஓரிரு நாளில் முட்டையிடத் தொடங்கி, ஒரு நாளைக்கு 40 முதல் 50 முட்டை வரை இடக்கூடியது. பேனின் ஈர் மயிரில் ஒட்டிக்கொண்டிருக்கும். தெள்ளின் முட்டையோ வழவழப்பானது, எதிலும் ஒட்டாது, பூனை நடக்கும் இடமெல்லாம், குதிக்கும் இடமெல்லாம், முக்கியமாக அது நெடுநேரம் உறங்கும் இடத்தில், பொடி உப்புச் சிந்தியதைப் போல உதிர்ந்துவிடும். சில நாளில் அந்த முட்டையிலிருந்து காலற்ற வெண்ணிறப் புழு வெளிவரும். வெளிச்சத்தை வெறுக்கும் அந்தப் புழு தரைவிரிப்பின் அடிப்பகுதிக்கும், சோபா இடுக்குக்கும், கட்டிலின் கீழுள்ள தூசுக்கும் ஊர்ந்து போய், வளர்ந்த தெள்ளுகள் கழித்த உலர்ந்த இரத்தத்தைத் தின்று வளரும். முட்டை உதிரும் அதே பூனையிடமிருந்துதான் அந்தக் கழிவும் உதிர்கிறது. தாய் பிள்ளையை வெளியே அனுப்பும்போதே சோறும் கட்டிக் கொடுத்து அனுப்புவதைப் போன்ற ஏற்பாடு இது.

அடுத்த நிலைதான் தொல்லை. புழு தன்னைச் சுற்றிப் பட்டு நூலால் கூடு கட்டுகிறது. கூட்டின் பிசுபிசுப்பில் தூசும் நூல் துணுக்கும் ஒட்டிக்கொள்ள, கண்ணுக்குத் தெரியாத மறைவிடமாகிவிடும். பூச்சிக்கொல்லிகள் இதற்குள் ஏறக்குறைய நுழைவதே இல்லை. சூழல் இதமாக இருந்தால் ஒன்றிரண்டு வாரத்தில் பூச்சி வெளிவந்துவிடும். இல்லாவிட்டால் உள்ளேயே மாதக்கணக்கில் காத்திருக்கும். காலடி அதிர்வு, உடல் சூடு, மூச்சில் வெளியேறும் கரியமில வாயு ஆகியவற்றை உணர்ந்தால் சட்டென்று வெளியே துள்ளும். பல மாதம் பூட்டிக் கிடந்த வீட்டுக்குள் நுழைந்தவுடன் கணுக்காலெங்கும் கடிபடுவதற்கு இதுவே காரணம். வெளியே கால் வைக்காத பூனைக்கும் தெள்ளு வருவது இப்படித்தான்: முன்பு குடியிருந்தவரின் பூனை விட்டுச் சென்ற கூடுகள், வந்துபோகும் நாய், நம் காலணியிலும் உடையிலும் தொற்றி வரும் பூச்சி ஆகியவற்றுள் ஏதோ ஒன்று போதும்.

ஒரு வீட்டிலுள்ள தெள்ளுக் கூட்டத்தில் வளர்ந்த பூச்சிகள் ஏறத்தாழ நூற்றுக்கு ஐந்து மட்டுமே என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. மற்றவை முட்டையாகவும் புழுவாகவும் கூடாகவும் வீட்டில் பரவிக் கிடக்கின்றன. ஆகவே பூனையை மட்டும் கவனிப்பவர் கூட்டத்தின் பெரும்பகுதியைத் தொடாமலே விடுகிறார்.

படி 1: தெள்ளுதானா என்று உறுதிசெய்யுங்கள்

நெருக்கமான பற்களுள்ள தெள்ளுச் சீப்பு ஒன்றும், வெள்ளைத் தாள் ஒன்றும், சோப்பு நீர் நிறைந்த கிண்ணம் ஒன்றும் எடுத்துக்கொள்ளுங்கள். பூனை அமைதியாக இருக்கும் நேரம் பார்த்து, கழுத்துக்குப் பின்புறம், முதுகின் கீழ்ப்பகுதி, வாலின் அடி, வயிறு ஆகிய இடங்களில் சீப்பைத் தோலைத் தொடும்படி மெதுவாக இழுங்கள். சீப்பின் பற்களுக்கிடையே பூச்சி சிக்கினால் உடனே சோப்பு நீரில் முக்க வேண்டும்; வெறும் நீரில் பூச்சி மிதந்து தப்பிக்கக்கூடும், சோப்பு கலந்தால் நீரின் மேற்பரப்பு இழுவிசை குறைவதால் மூழ்கிவிடும்.

பூச்சி சிக்காவிட்டாலும் சீப்பில் சேர்ந்த கருந்துகளைத் தாளில் தட்டிப் பாருங்கள். மிளகுத் தூளைப் போலவோ, சற்றே வளைந்த சிறு காற்புள்ளிகளைப் போலவோ அவை தெரியும். அவற்றின் மேல் இரண்டு சொட்டு நீர் விட்டு அரை நிமிடம் பொறுங்கள். சாதாரண அழுக்காக இருந்தால் கறுப்பாகவே கிடக்கும். தெள்ளின் கழிவாக இருந்தால் துகளைச் சுற்றிச் செம்பழுப்பு வளையம் ஒன்று தாளில் மெல்லப் பரவும், ஏனெனில் அது செரித்த இரத்தம். பூனை மிகச் சுத்தமாகத் தன்னை நக்கிக்கொள்ளும் பிராணி என்பதால் பூச்சிகளையே விழுங்கிவிடும். ஆகவே பூச்சியைக் காணவில்லை என்பதை மட்டும் வைத்து முடிவுக்கு வராமல் இந்தச் சோதனையை நம்புவது நல்லது.

படி 2: மருந்தைத் தேர்ந்தெடுங்கள்

இந்தப் படியில் அவசரம் கூடாது. பூனையை எடை பார்த்து, வயதையும் குறித்துக்கொண்டு, கால்நடை மருத்துவரிடம் கேட்டுப் பூனைக்கென்றே தயாரிக்கப்பட்ட மருந்தை வாங்குங்கள். கழுத்தில் விடும் சொட்டு மருந்துகளில் செலாமெக்டின், ஃபிப்ரோனில், இமிடாக்ளோப்ரிட், ஃபுளூராலனர் ஆகியவை பூனைகளுக்குப் பரவலாகப் பயன்படுகின்றன. ஃபுளூராலனர் பல வாரம் நீடிக்கும், மற்றவை பெரும்பாலும் மாதந்தோறும் விடப்படுபவை. நைட்டென்பைராம் மாத்திரை அரை மணி நேரத்திலேயே வேலை செய்யத் தொடங்கினாலும் அதன் பலன் ஒரு நாளுக்கு மேல் நிற்காது என்பதால், கடும் தாக்குதலில் முதல் அடியாக மட்டுமே பயன்படும். வீட்டில் முயலும் இருந்தால் ஃபிப்ரோனில் அதன் பக்கம் போகவே கூடாது.

நாய்க்கான தெள்ளு மருந்தைப் பூனைக்கு விடாதீர்கள். "கொஞ்சமாக விட்டால் பரவாயில்லை" என்ற எண்ணமும் வேண்டாம். அவற்றில் பலவற்றிலுள்ள பெர்மெத்ரின் என்னும் பொருளைச் சிதைத்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. சில மணி நேரத்திற்குள்ளேயே நடுக்கம், தசைத் துடிப்பு, தள்ளாட்டம், வலிப்பு என்று முற்றி உயிருக்கே ஆபத்தாகலாம். மருந்து விட்ட நாயோடு உரசிப் படுக்கும் பூனைக்கும் இது நேரலாம். தவறுதலாகப் பட்டுவிட்டதென்றால் உடனே மருத்துவரை அழையுங்கள். வலிப்பு இல்லாத நிலையில் பாத்திரம் கழுவும் திரவத்தையும் வெதுவெதுப்பான நீரையும் கொண்டு மருந்தைக் கழுவித் துடைத்துவிட்டு, தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். வலிப்பு தொடங்கிவிட்டால் குளிப்பாட்டிக்கொண்டிருக்க நேரமில்லை, கிளம்புங்கள்.

தேயிலை மர எண்ணெய், யூகலிப்டஸ் எண்ணெய், எலுமிச்சைத் தோல் எண்ணெய் போன்றவை இயற்கையானவை என்பதாலேயே பாதுகாப்பானவை ஆகிவிடுவதில்லை. தோலில் தடவியதைப் பூனை நக்கி விழுங்கும், அவை பூனைக்கு நஞ்சு. உணவில் பூண்டு சேர்ப்பது பூனையின் சிவப்பணுக்களை அழிக்கும், தெள்ளை விரட்டாது. நாப்தலின் உருண்டையையும் பூனை இருக்கும் இடத்தில் போட வேண்டாம்.

எட்டு வாரத்துக்குட்பட்ட குட்டிகளுக்கு இந்த மருந்துகளில் பல ஒத்துவராது. அவற்றை நாள்தோறும் சீப்பால் சீவி, பூச்சிகளைச் சோப்பு நீரில் போடுவதே நம்பகமான வழி. குட்டியின் ஈறு வெளுத்திருந்தால், அது சோர்ந்து கிடந்தால், இரத்தசோகை என்று கருதி அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். சிறு உடலிலிருந்து நூறு பூச்சி குடிக்கும் இரத்தம் சிறிதல்ல.

படி 3: மருந்து விடும் முறை

பூனையைக் குளிப்பாட்டத் தேவையில்லை. மண்டையோட்டின் அடியில், கழுத்து தொடங்கும் இடத்தில், நாக்கு எட்டாத அந்தப் பகுதியில் மயிரை இரு விரல்களால் பிளந்து, தோல் வெள்ளையாகத் தெரியும் வரை விலக்குங்கள். குழாயின் முனையைத் தோலின் மேலேயே வைத்து முழுவதும் பிதுக்குங்கள். மயிரின் மேல் விட்டால் மருந்து வழிந்து வீணாகிவிடும். இரண்டு பூனைகள் இருந்தால் ஒன்றையொன்று நக்காதபடி மருந்து உலரும் வரை தனித்தனி அறையில் விடுங்கள். தடவிய இடத்தைத் தொடவும் வேண்டாம். நக்கிவிட்டால் கசப்பினால் வாயில் நுரை தள்ளுவது பெரும்பாலும் சிறிது நேரத்தில் அடங்கும்.

வீட்டிலுள்ள எல்லாப் பூனைக்கும் நாய்க்கும் ஒரே நாளில், அவரவர்க்குரிய மருந்தை விட வேண்டும். சொறியாத பூனை என்று ஒன்றை விட்டுவைத்தால் அதுவே தெள்ளுகளின் வீடாகிவிடும். தெள்ளின் உமிழ்நீருக்கு ஒவ்வாமை உள்ள பூனைதான் மயிர் உதிரும் வரை நக்கிச் சொறியும், மற்றவை சலனமின்றி இருக்கும்.

படி 4: அதே நாளில் வீட்டைக் கவனியுங்கள்

பூனையின் படுக்கை விரிப்பு, உங்கள் போர்வை, தலையணை உறை ஆகியவற்றை உள்பக்கமாக மடித்துச் சுருட்டி எடுத்துச் செல்லுங்கள். உதறினால் முட்டைகள் வழியெங்கும் உதிரும். 60 டிகிரி செல்சியஸ் நீரில் துவைத்தால் முட்டையும் புழுவும் அழியும். இதை வாரம் ஒருமுறை தொடருங்கள்.

பிறகு தூசி உறிஞ்சும் கருவி. தரைவிரிப்பு, சோபா மெத்தையின் தையல் இடுக்கு, கட்டிலின் கீழ், சுவரும் தரையும் சேரும் விளிம்பு, பூனை வெயில் காயும் ஜன்னல் ஓரம் என்று பூனை படுக்கும் இடமெல்லாம் முதல் இரண்டு வாரம் தினமும், பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள் உறிஞ்சுங்கள். கருவியின் அதிர்வு கூட்டிலிருக்கும் பூச்சியை எழுப்பிவிடும். எழுந்த பூச்சி மருந்து விட்ட பூனையின் மேல் ஏறிச் சாகும் என்பதால் அது நமக்கு நன்மையே. சேர்ந்த தூசியை ஒரு பையில் இறுகக் கட்டி உடனே வீட்டுக்கு வெளியே போடுங்கள். நான் மறந்துபோனது பூனையைத் தூக்கிச் செல்லும் கூடை. அதன் அடியிலிருந்த துணியில் கருந்துகள் அப்பிக் கிடந்தன.

தாக்குதல் கடுமையாக இருந்தால் மெத்தோபிரீன் அல்லது பைரிப்ராக்ஸிபென் கொண்ட தெளிப்பு மருந்து உதவும். இவை முட்டையும் புழுவும் வளர்ச்சி பெறாதபடி தடுக்கும். வளர்ந்த பூச்சியைக் கொல்லும் வேறு பொருளோடு கலந்தே பெரும்பாலும் விற்கப்படுவதால், உறையைப் படித்துப் பெர்மெத்ரின் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, பூனையை வெளியேற்றி, மீன் தொட்டியை மூடி, தெளித்த இடம் முழுதும் உலர்ந்து காற்றோட்டம் ஆனபின்பே பூனையை உள்ளே விடுங்கள். அறை முழுவதும் புகையாகப் பரவும் குண்டுகளை நான் பரிந்துரைப்பதில்லை. மேலிருந்து விழும் மருந்து கட்டிலின் அடிக்கும் சோபா இடுக்குக்கும் போய்ச் சேர்வதில்லை, புழு இருப்பதோ அங்கேதான்.

படி 5: மூன்று மாதம் விடாமல் தொடருங்கள்

இரண்டாம், மூன்றாம் வாரத்தில் தெள்ளு மறுபடி தென்பட்டால் பதற வேண்டாம்; மருந்துக்கு முன்பே கட்டப்பட்ட கூடுகளிலிருந்து அவை வெளிவருகின்றன. ஒவ்வொன்றும் பூனையின் மேல் ஏறி, முட்டையிடுவதற்குள் மருந்தால் இறக்கின்றன. அடுத்த தவணை மருந்தை அதற்குரிய நாளில் விடுங்கள். ஒரு வாரம் தள்ளிப்போனால் அந்த இடைவெளியில் புதிய முட்டைகள் உதிர்ந்து, எண்ணிக்கை மறுபடி முதலிலிருந்து தொடங்கும். எண்ணிக்கை குறைகிறதா என்று அறிய, இரவில் ஒரு விளக்கின் கீழ் சோப்பு நீர்த் தட்டை வைத்துக் காலையில் மூழ்கியவற்றை எண்ணலாம். இது அளவுகோல் மட்டுமே, ஒழிக்கும் கருவி அன்று.

பூனையின் மலத்திலோ வாலடியிலோ அரிசி மணி போன்ற துண்டுகள் தென்பட்டால், அது தெள்ளை விழுங்கியதால் வந்த நாடாப்புழு. அதற்குத் தனியாகக் குடற்புழு நீக்கும் மருந்து வேண்டும். தெள்ளு ஒழியாமல் அது மட்டும் ஒழியாது.

வாரம் ஒருமுறை சீப்பும் வெள்ளைத் தாளும் நீர்ச் சொட்டும் கொண்டு முதல் படியின் சோதனையைச் செய்யுங்கள். செம்பழுப்பு வளையம் தொடர்ந்து ஒரு மாதம் தோன்றாதபோது உறிஞ்சுவதை வாரம் ஒருமுறையாகக் குறைக்கலாம். மூன்றாம் மாதத் தவணை முடியும் முன் எதையும் நிறுத்த வேண்டாம். என் பூனைக்குக் கடைசி வளையம் ஏழாவது வாரத்தில்தான் தெரிந்தது.