அலுமாரியில் வைத்த நல்ல தாள்: நீர்வர்ணம் பழகுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சனிக்கிழமைகளில் விடிந்ததும் திருகோணமலையின் டச்பே கடற்கரைக்குப் படம் வரையப் போவது என் வழக்கம். ஒரு வருடமாக நாலைந்து இளம் பிள்ளைகளும் பலகையும் தூரிகையுமாக வந்து சேர்ந்துகொள்கிறார்கள். நான் சித்திர ஆசிரியை அல்ல. கந்தோர் வேலைக்கும் வீட்டு வேலைக்கும் இடையில் நேரம் பிடுங்கி, பதினைந்து வருடமாக நீர்வர்ணம் தீட்டுகிறவள்.

போன வாரம் அவர்களில் உயர்தரம் படிக்கும் ஒரு பிள்ளை சித்திரக் கொப்பியில் வானம் தீட்டிக்கொண்டிருந்தாள். நீலம் பரவாமல் கோடுகோடாக நின்றது. அவள் திரும்பத் திரும்பத் தேய்க்க, தாளின் மேற்பரப்பு உரிந்து பழைய கம்பளி போலத் திரி திரியாக எழுந்தது.

"உன்னிடம் நல்ல தாள் இருக்கிறதே பிள்ளை, அது எங்கே?"

"வீட்டில் பத்திரமாக இருக்கிறது அக்கா. கை நன்றாகப் பழகிய பிறகு எடுக்கலாம் என்று வைத்திருக்கிறேன்."

நெஞ்சு சுருக்கென்றது. இதே சொற்களை நானும் சொன்னவள். அதனால்தான் இதை எழுதுகிறேன். தூரிகையைத் தண்ணீரில் தலைகீழாக ஊறவிடுவது, கலங்கிய தண்ணீரிலேயே தீட்டிக்கொண்டு போவது போன்றவற்றை யாரும் இரண்டு தடவையில் தாமாகவே திருத்திக்கொள்வார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

நல்ல தாளை "பிறகு" என்று எடுத்து வைப்பது

2013 இல் இலண்டனிலிருந்து வந்த சின்னம்மா எனக்குப் பத்துத் தாள்கள் கொண்டுவந்து தந்தார். முழுக்கப் பருத்தியில் செய்தவை. சதுர மீற்றருக்கு 300 கிராம் எடை. 56 × 76 சென்ரிமீற்றர் முழுத் தாள்களைச் சுருட்டி, அட்டைக் குழாய்க்குள் வைத்து, அத்தனை பயணப் பொதிகளுக்கு நடுவில் நசுங்காமல் கொண்டுவந்திருந்தார். ஒன்றை விரித்துத் தடவிப் பார்த்தேன். நெசவுத் துணியின் சொரசொரப்பு. திரும்பச் சுருட்டி அலுமாரிக்கு மேல் வைத்தேன். கை தேறட்டும், பிறகு தொடலாம் என்பது எண்ணம்.

நான்கு வருடம் அது அங்கேயே கிடந்தது. நான் சித்திரக் கொப்பியிலும் பிறிஸ்டல் போர்ட் அட்டையிலும் பழகினேன். அந்த நான்கு வருடத்தில் நான் கற்றுக்கொண்டவை எல்லாம் பிழையான பாடங்கள்.

மலிவுத் தாள் தண்ணீரை உடனே குடித்துவிடும். ஒரு பட்டையைத் தீட்டிவிட்டு அடுத்த பட்டைக்குத் தூரிகையை நனைப்பதற்குள் முதல் பட்டையின் ஓரம் காய்ந்து கோடாகிவிடும். தாள் நெளிந்து குளம் கட்டும். இவற்றுக்குப் பயந்து தண்ணீரைக் குறைக்கிறோம். தண்ணீர் குறைந்தால் தூரிகை இழுபடும், அதனால் தேய்க்கிறோம். தேய்த்தால் தாள் உரியும், அதனால் ஒற்றி ஒற்றி வைக்கிறோம். கடைசியில் மிஞ்சுவது தண்ணீருக்குப் பயந்த ஒரு கை. நீர்வர்ணத்தில் பாதி வேலை தண்ணீருடையது. அதற்குப் பயந்த கையால் என்ன தீட்ட முடியும்? இதில் என்னை இன்றும் கோபப்படுத்துவது வேறொன்று. பழகுகிறவர் தாளைக் குறை சொல்வதில்லை. "எனக்குக் கை வராது" என்று தன்னைத்தான் குறை சொல்கிறார். நல்ல கையுள்ள இரண்டு பேர் அப்படிச் சொல்லித் தூரிகையைக் கீழே வைத்ததை நான் பார்த்திருக்கிறேன்.

பருத்தித் தாளில் நடப்பதைக் கிட்டப் பாருங்கள். முதலில் சுத்தத் தண்ணீரால் வானத்தின் பகுதியை நனையுங்கள். தாளின் பளபளப்பு சற்று மங்கும்வரை பொறுங்கள். இப்போது அல்ட்ராமரைன் நிறைந்த தூரிகையை மேலே வைத்தால், நீலம் தானாகவே கீழ்நோக்கி நடக்கும். பலகையைச் சாய்த்தால் சாய்ந்த பக்கம் போகும். வேண்டாத இடத்தை ஈரத் தூரிகையால் தொட்டு எடுத்துவிடலாம். காயும்போது அந்த நீலத்தின் நுண்துகள்கள் தாளின் குழிகளில் இறங்கி, மணல்மணலாக நிற்கும். டச்பேயின் காலைக் கடலுக்கு அந்த மணல்தன்மை அப்படியே பொருந்தும். சித்திரக் கொப்பியில் நான் ஆயிரம் வானம் தீட்டியிருந்தாலும் இதில் ஒன்றைக்கூடக் கற்றிருக்க முடியாது.

2017 இல் அக்கா வீடு குடிபுகுந்தபோது, கோணேசர் கோவில் நிற்கும் மலையைத் தீட்டிக் கொடுக்க விரும்பினேன். குழாயைத் திறந்தேன். மேல் தாளின் ஓரத்தில் மங்கலான தவிட்டு நிறப் புள்ளிகள் இருந்தன. அவ்வளவுதானே என்று ஒட்டிப் பலகையில் பொருத்தினேன். வானத்துக்கு முதல் பூச்சை இறக்கிய நிமிடத்தில், நீலத்துக்குள் கருநீலப் புள்ளிகள் அம்மைத் தழும்பு போலக் கிளம்பின. அந்த இடங்களில் தாள் மையொற்றும் தாளைப் போல நிறத்தை உறிஞ்சியது. இரண்டாம் தாளிலும் அதே கதை. பத்தில் ஏழு போய்விட்டன.

காரணத்தைப் பிறகுதான் அறிந்தேன். நீர்வர்ணத் தாள் தண்ணீரை உடனே குடிக்காமல் இருப்பதற்காக அதற்கு ஜெலட்டின் போன்ற ஒரு பசையை ஏற்றுகிறார்கள். நாம் விலை கொடுப்பதில் ஒரு பகுதி அந்தப் பசைக்குத்தான். ஈரக் காற்றும் பூஞ்சணமும் அதை அரித்துவிடும். மூன்று பக்கமும் கடல் சூழ்ந்த திருகோணமலை நகரில், வாடைக்காற்றும் மழையுமாக நவம்பர் முதல் ஜனவரி வரை சுவர் வியர்க்கும் ஒரு வீட்டில், சுவரோடு ஒட்டிய அலுமாரிக்கு மேல் நான்கு வருடம் வைத்தால் எந்தப் பசை தாங்கும்? சின்னம்மாவுக்கு இதை நான் இன்னும் சொல்லவில்லை.

உங்களிடம் நல்ல தாள் இருந்தால் இன்றே எடுங்கள். ஒரு மூலையில் சுத்தத் தண்ணீரை ஒரு தூரிகை அளவு தடவிச் சாய்த்துப் பாருங்கள். ஈரம் ஒரே சீராகப் பளபளத்தால் தாள் நலமாக இருக்கிறது. அங்கங்கே கறுத்துப் புள்ளி விழுந்தால் பசை போய்விட்டது. அப்படிப் போனதையும் எறிய வேண்டியதில்லை. கரிக்கோலுக்கும் பஸ்ரலுக்கும் அது நன்றாக உதவும்.

நலமான தாளை வெட்டுங்கள். முழுத் தாளை எட்டாக வெட்டினால் ஒவ்வொன்றும் 28 × 19 சென்ரிமீற்றர். பதினாறாக வெட்டினால் உள்ளங்கையை விடச் சற்றுப் பெரிய துண்டுகள். இரண்டு பக்கமும் தீட்டலாம். ஒரு தாள் முப்பத்திரண்டு வானம் தரும். அந்தக் கணக்கில் பார்த்தால் நல்ல தாள் அவ்வளவு விலையும் இல்லை. பெரிய தாளைத் தொடக் கை கூசும். துண்டைத் தொட யாருக்கும் கூச்சம் வருவதில்லை. மிச்சத்தைப் பொலித்தீன் உறையில் காற்றுப் புகாமல் மூடி, மருந்துப் போத்தலில் வரும் சிலிக்கா பொட்டலங்கள் இரண்டு போட்டு, சுவரிலிருந்து தள்ளித் தட்டையாக வையுங்கள்.

இன்னொன்று. காலையில் தலைக்குத் தேங்காயெண்ணெய் வைத்த கையோடு தாளைத் தொடாதீர்கள். விரல் பட்ட இடத்தில் நிறம் ஒட்டாது. காய்ந்த பிறகு வானத்தில் உங்கள் கைரேகை தெரியும்.

கச்சான் காற்றைக் கணக்கில் எடுக்காதது

மே மாதத்துக்குப் பின், காய்ந்த தென்மேற்குக் காற்றான கச்சான் அடிக்கும் நாட்களில் நல்ல தாளும் மளமளவென்று காயும். மழைக்காலத்தில் பழகிய வேகம் அப்போது உதவாது. தாளின் பின்பக்கத்தையும் நனைத்துப் பலகையில் ஒட்டவையுங்கள். நிறத்தை முதலிலேயே நிறையக் கலந்து வையுங்கள். பாதி வானத்தில் நிறம் தீர்ந்து திரும்பக் கலக்கப் போனால், வந்து பார்க்கும்போது ஓரம் காய்ந்திருக்கும். மழைக்காலத்தில் இதற்கு நேர்மாறாகப் பொறுமை வேண்டும். பாதி ஈரத்தில் தண்ணீர் நிறைந்த தூரிகையை வைத்தால், பூக்கோவா போன்ற விளிம்புகள் பூத்துவிடும்.

கடல் நீலம் என்று நினைத்துக்கொண்டே கடலைத் தீட்டுவது

கண்ணால் பாருங்கள். மாரியில் மகாவலி பெருகி வந்து விழும் நாட்களில் மூதூர்ப் பக்கம் கொட்டியாரக்குடாவின் நீர் தேநீர் நிறத்தில் கிடக்கும். உவர்மலையிலிருந்து மாலையில் உள் துறைமுகத்தைப் பார்த்தால் நீர் ஈயம் போல இருக்கும், நடுவில் ஒரு செம்புக் கீற்று ஓடும். அதை நீலத்தால் மூடிவிட்டால், அன்று அங்கே போய் உட்கார்ந்ததில் பயன் இல்லை.

நிழலுக்கு வர்ணக் குழாயிலிருந்து நேரே கறுப்பு

வேண்டாம். அல்ட்ராமரைன் நீலமும் பர்ண்ட் சியன்னா என்ற செம்மண் நிறமும் கலந்தால் போதும்.

உச்சி வெயிலில் வரையப் போவது

எட்டரைக்கு முன், நாலு மணிக்குப் பின்.

அசையாததை மட்டுமே வரைவது

படகு, பனை, சுவர் என்று அசையாதவற்றோடு நின்றுவிட்டால் கை இறுகிப் போகும். திருகோணமலைக் கோட்டைக்குள் திரியும் புள்ளிமான்கள் நல்ல பயிற்சி. ஒரு மான் திரும்பிவிட்டால் அந்தப் படத்தை அப்படியே விட்டுவிட்டுப் பக்கத்தில் அடுத்ததைத் தொடங்குங்கள். கொஞ்ச நேரத்தில் அது பழைய நிலைக்கு வரும், அல்லது இன்னொரு மான் அதே நிலையில் வந்து நிற்கும். அப்போது விட்ட படத்தைத் தொடரலாம். ஒரு பக்கத்தில் ஆறேழு அரைகுறை மான்கள் இருந்தால் அது நல்ல காலைப்பொழுது.

கைபேசிப் படத்தைப் பார்த்துத் தீட்டுவது

வெயில் காட்சியில் அது நிழலைக் கறுப்பாக்கிவிடும். நிழலுக்குள் இருக்கும் ஊதாவையும் பச்சையையும் இடத்திலேயே குறித்து வாருங்கள்.

அந்தப் பிள்ளையிடம் வருகிற சனிக்கிழமை தாளைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். இரும்பு அடிமட்டமும் கூரான கத்தியும் நான் எடுத்துப் போகிறேன். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே முதல் தாளைப் பதினாறாக வெட்டப் போகிறோம்.